‘லுக் ஃபோர்’ வருகிற இடமெல்லாம் ‘சேர்ச்’ போடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். ஐயெல்ஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் எழுத்துப் பகுதிக்கு ஆயத்தமாக, வேலையில்லாப் பட்டதாரிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறீர்கள். அதில் ‘லுக் ஃபோர்’ ஐந்து தரம் வந்துவிட்டது. மாற்றுச் சொல் போடும்படி ரியூசன் ரீச்சர் சொல்ல, இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியலைப் பார்த்து இடத்துக்கு ஒரு சொல்லாக மாற்றிவிட்டீர்கள். ‘கிறஜுவேற்ஸ் சீக் எம்ப்ளோய்மென்ற்’, ‘தே ஆர் சேர்ச்சிங் ஜொப்ஸ் இன் த கஸற்’ (கஸற் என்பது அரசாங்க வர்த்தமானி), ‘சம் ஆர் ஃபைண்டிங் ஜொப்ஸ் ஃபோர் இயர்ஸ்’, ‘பேரன்ற்ஸ் றமேஜ் ஃபொறின் கன்றீஸ்’, ‘த கவண்மென்ற் ஷுட் ஹன்ற் எ சொலூஷன்’. கொப்பி திரும்பி வந்தபோது முதலாவது வாக்கியம் மட்டும் தப்பியிருக்கிறது. எல்லாம் தேடுவது என்ற ஒரே அர்த்தம்தானே, பிறகு ஏன் இத்தனை சிவப்புக் கோடு என்று கேட்கிறீர்கள்.

அகராதிப்படி அர்த்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அந்தப் பட்டியல் உங்களுக்குச் சொல்லாமல் விட்ட ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. அந்த வினைச்சொல்லுக்குப் பின்னால் நேரே வரவேண்டியது தேடப்படும் பொருளா, தேடுகிற இடமா? இதை மட்டும் பிடித்துக்கொண்டால் உங்கள் பிழைகளில் முக்கால்வாசி தானாகப் போய்விடும்.

தமிழில் ‘தேடு’ என்ற சொல்லை எடுங்கள். ‘ஐ’ உருபு எப்போதும் பொருளோடு ஒட்டும். திறப்பைத் தேடுகிறோம், பேனையைத் தேடுகிறோம், மாப்பிள்ளையைத் தேடுகிறோம். இடத்துக்கு ‘இல்’ போடுவோம்: லாச்சியில், அலுமாரியில், கைப்பைக்குள். “லாச்சியைத் தேடினேன்” என்று யாராவது சொன்னால், லாச்சியே காணாமல் போய்விட்டது என்றுதான் நினைப்போம்.

‘சேர்ச்’ நேர் எதிர். அதற்குப் பின்னால் நேரே வருவது இடம். பொருளைச் சொல்ல வேண்டுமானால் நடுவில் ஒரு ‘ஃபோர்’ வேண்டும். ‘ஐ சேர்ச்ட் த ட்ரோவர்’ என்றால் லாச்சியைக் கிண்டினேன். ‘ஐ சேர்ச்ட் ஃபோர் த கீ’ என்றால் திறப்பைத் தேடினேன். இரண்டையும் ஒன்றாகச் சொல்ல, ‘ஐ சேர்ச்ட் த ட்ரோவர் ஃபோர் த கீ’. நீங்கள் எழுதிய ‘சேர்ச்சிங் ஜொப்ஸ்’ ஆங்கிலக் காதுக்கு எப்படிக் கேட்கும் தெரியுமா? பட்டதாரிகள் வேலைகளைப் பிடித்து நிறுத்தி, அவற்றின் பொக்கற்றுக்குள் கைவிட்டுப் பார்க்கிறார்கள் என்று கேட்கும்.

எங்களுக்கு இந்தப் பிழை ஏன் வருகிறது என்பதும் விளங்கக்கூடியதுதான். ‘சேர்ச்’சை நாங்கள் தமிழுக்குள் எடுக்கும்போது ‘ஃபோர்’ வாசலிலேயே நின்றுவிடுகிறது. “வேலை சேர்ச் பண்ணுறன்”, “படத்தைச் சேர்ச் பண்ணிப் பார்” என்று ‘தேடு’வின் இலக்கணத்தையே அதற்குப் போட்டுவிடுகிறோம். தமிழில் அது பிழையில்லை, நன்றாகவே ஓடும். அதே சொல்லைத் திருப்பி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் ‘ஃபோர்’ இல்லாத குறை தெரியும்.

ஆனால் இடத்தை நேரே பிடிக்கிற வினைச்சொற்கள் எங்களுக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். கிண்டு, துழாவு, அலசு, சோதி எல்லாம் அப்படித்தான். பெட்டியைக் கிண்டுகிறோம், பையைத் துழாவுகிறோம், வீட்டைச் சோதிக்கிறார்கள். ஆக, ‘சேர்ச்’ என்றால் ‘சோதி’, ‘சேர்ச் ஃபோர்’ என்றால் ‘தேடு’ என்று மனதில் பதித்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு விதியும் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கு இந்த வித்தியாசத்தை யாரும் படிப்பிக்கத் தேவையிருக்கவில்லை. சுற்றிவளைப்பு என்று நாங்கள் சொன்னதற்கு இராணுவ ஆங்கிலத்தில் ‘கோர்டன் அன்ட் சேர்ச்’ என்று பெயர். கயிறு கட்டினதுபோல ஊரை வளைப்பது ‘கோர்டன்’, வீடு வீடாகச் சோதிப்பது ‘சேர்ச்’. ‘தே சேர்ச்ட் ஹிம்’ என்றால் ஆளைச் சந்தியில் மறித்து, சைக்கிளை நிறுத்தவைத்து, அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, உடம்பைத் தடவிச் சோதித்தார்கள். ஆள் அவர்கள் முன்னால் நிற்கிறான். ‘தே சேர்ச்ட் ஃபோர் ஹிம்’ என்றால் ஆள் அங்கே இல்லை, தேடி வந்திருக்கிறார்கள். ஒரு சின்ன ‘ஃபோர்’ போட்டதும் ஆள் மறைந்துபோகிறான். நீதிமன்றம் கொடுக்கிற ‘சேர்ச் வொறன்ற்’றும் இடத்தைச் சோதிக்கிற கட்டளைதான், அதனால்தான் அதில் ஒரு முகவரி இருக்கும்.

சொல்லின் வேரும் இதற்கு ஒத்துப்போகிறது. பழைய பிரெஞ்சு வழியாக வந்த இந்தச் சொல்லுக்கு மூலம், சுற்றிவருவது என்ற பொருளுள்ள ஒரு லத்தீன் வினை. ‘சேர்க்கிள்’, ‘சர்க்கஸ்’ எல்லாம் அதன் சொந்தக்காரர். ஓர் இடத்தைச் சுற்றி வந்து பார்ப்பதுதான் அதன் பிறப்பு. இடையில் ஒரு வேடிக்கை: ஆங்கிலேயரிடம் ஏதாவது கேட்க அவர் ‘சேர்ச் மீ’ என்றால், தன்னைச் சோதிக்கச் சொல்கிறார் என்று எண்ணிக் கிட்டப் போய்விடாதீர்கள். எனக்கெங்கே தெரியும் என்று கைவிரிக்கிறார்.

இனி ‘சீக்’. உங்கள் கட்டுரையில் அது ஏன் தப்பியது என்றால், அதோடு வந்த சொல் சரியான சொல். ‘சீக்’ பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல், இறந்தகாலம் ‘சோட்’. அதற்கு ‘ஃபோர்’ தேவையில்லை, பொருள் நேரே வரும். அந்த அளவில் எங்கள் ‘தேடு’வுக்கு அதுதான் கிட்டிய உறவு. ஆனால் அது எல்லாப் பொருளோடும் சேராது. உதவி, ஆலோசனை, அனுமதி, நீதி, வேலைவாய்ப்பு, அடைக்கலம் போன்று கையில் தூக்க முடியாதவைதான் அதற்குப் பிடிக்கும். மருந்துப் பெட்டிகளில் ‘சீக் மெடிக்கல் அட்வைஸ்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘ஐ ஆம் சீக்கிங் மை கீஸ்’ என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார், ஏதோ பழைய நாடகத்தில் அரசன் கதைக்கிற மாதிரி இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு அகப்படுகிற பொருளுக்கு ‘லுக் ஃபோர்’தான். இலக்கணப்படி ஒன்றையும் மீறாவிட்டாலும், ‘சீக்’கைப் பேச்சில் போடுவது கலியாண வீட்டுக்குக் கட்டவேண்டிய பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போவது போன்றது.

எங்களுடைய ஆட்கள் அதிகமாகக் கேட்ட ‘சீக்’ என்றால் ‘அசைலம் சீக்கர்’தான். 1948ஆம் ஆண்டின் மனித உரிமைகளுக்கான உலகப் பிரகடனத்தின் 14ஆவது உறுப்புரை, துன்புறுத்தலுக்குத் தப்பி வேறு நாடுகளில் தஞ்சம் தேடவும் அனுபவிக்கவும் எவருக்கும் உரிமை உண்டு என்று சொல்கிறது. அந்தத் ‘தேடவும்’ ஆங்கிலத்தில் ‘சீக்’. இந்த ஒரு சொல்லில் சட்டமே தொங்கிக்கொண்டிருக்கிறது. விண்ணப்பம் போட்டு, முடிவு வராமல் இருப்பவர் ‘அசைலம் சீக்கர்’. ஏற்றுக்கொண்டால் ‘றெஃபியூஜி’. ‘சீக்’ கிடைத்ததைச் சொல்லாது, கேட்டு நிற்பதை மட்டும் சொல்லும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிற உங்கள் உறவினரைக் கேட்டால், இந்த இரண்டு சொல்லுக்கும் இடையில் எத்தனை வருடம் இருந்தது என்று சொல்வார்கள்.

பத்திரிகையில் வருகிற மணமக்கள் விளம்பரத்திலும் ‘பேரன்ற்ஸ் சீக்’ என்றுதான் தொடங்கும். அங்கே அது ‘லுக் ஃபோர்’ போல இரண்டாக இல்லாமல் ஒரே சொல்லாக இருப்பதும் ஒரு வசதி, சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற இடம். நேரில் கதைக்கும்போது எந்தத் தாயும் ‘சீக்’ என்று சொல்லமாட்டார். ‘வி ஆர் லுக்கிங் ஃபோர் எ போய் ஃபோர் ஹேர்’, அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனியுங்கள்: ‘சீக் ரு’ என்று வந்து அதன் பின்னால் வினை வந்தால் அங்கே தேடுதலே இல்லை, முயல்வது என்று பொருள்.

அடுத்தது உங்கள் மூன்றாவது வாக்கியம். இதுதான் எங்கள் பக்கத்தில் மிக அதிகமாகக் காதில் விழுகிற பிழை. “உன்னை எவ்வளவு நேரமாத் தேடுறன்” என்பதற்கு ‘ஐ ஆம் ஃபைண்டிங் யூ’ என்பார்கள். ‘ஃபைண்ட்’ தேடுதலின் முடிவு. திறப்பு கண்ணில் பட்ட அந்த நொடிதான் ‘ஃபைண்ட்’. நொடியில் முடிகிற ஒன்றை வருடக்கணக்கில் செய்துகொண்டிருக்க முடியாது, ஆகவே ‘ஃபைண்டிங் ஜொப்ஸ் ஃபோர் இயர்ஸ்’ என்றால் அந்தப் பட்டதாரிகள் வருடக்கணக்காக வேலைமேல் வேலையாகக் கண்டெடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆகிவிடுகிறது. அப்படி என்றால் கட்டுரையே தேவையில்லை. ‘லுக் ஃபோர்’ நடந்துகொண்டிருப்பது, ‘ஃபைண்ட்’ முடிந்தது. தமிழில் ‘தேடு’, ‘கண்டுபிடி’ என்று இரண்டையும் நாங்கள் ஒழுங்காகத்தான் பிரித்து வைத்திருக்கிறோம், ஆங்கிலத்துக்குப் போகும்போது ஏனோ கலந்துவிடுகிறது. ‘ஐ ஆம் ஃபைண்டிங் இற் டிஃபிகல்ற்’ என்று சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம், அங்கே ‘ஃபைண்ட்’டுக்கு உணர்வது என்று பொருள், இந்தக் கதைக்குள் வராது.

முடிவைச் சொல்கிற சொற்கள் இன்னும் இருக்கின்றன. விசாரித்துத் தகவல் அறிந்தால் ‘ஃபைண்ட் அவுட்’. எங்கே இருக்கிறது என்று இடத்தைக் குறித்தால் ‘லொக்கேற்’, கொஞ்சம் உத்தியோகத் தோரணை. அலைந்து திரிந்து ஆளைப் பிடித்தால் ‘ட்ராக் டவுன்’. தேடாமலே தட்டுப்பட்டால் ‘கம் அக்றோஸ்’. பழைய புத்தகக் கடையில் வேறொன்றைப் பார்க்கப் போய், தாத்தா படித்த பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலர் கண்ணில் பட்டால் அது ‘கம் அக்றோஸ்’, ‘ஃபவுண்ட்’ என்றும் சொல்லலாம். ‘சேர்ச்ட்’ என்று சொல்லவே முடியாது.

‘றமேஜ்’ எனக்குப் பிடித்த சொல், ஆனால் பட்டதாரிக் கட்டுரைக்குள் அதற்கு வேலையில்லை. அது கப்பலில் பிறந்தது. கப்பலின் அடித்தளத்தில் சரக்கை அடுக்கி ஏற்றுவதற்கு இருந்த ஒரு பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து, பிறகு சுங்க அதிகாரிகள் கள்ளச் சரக்குக்காகக் கப்பலைக் கிளறிப் பார்ப்பதற்குப் பெயராகி, இன்றைக்குக் கைப்பைக்குள்ளும் லாச்சிக்குள்ளும் வந்து நிற்கிறது. சாமான்களை மேலும் கீழும் புரட்டி, கையால் கிளறுவதுதான் ‘றமேஜ்’. அதற்கு இடமும் நேரே வராது, பொருளும் நேரே வராது. ‘றமேஜ் இன்’, ‘றமேஜ் த்ரூ’ என்று இடத்துக்கு ஒரு சொல், ‘ஃபோர்’ என்று பொருளுக்கு ஒரு சொல். ‘ஷி றமேஜ்ட் த்ரூ ஹேர் பாக் ஃபோர் எ பென்’. உங்கள் வாக்கியத்தில் பெற்றோர் வெளிநாடுகளை எல்லாம் கவிழ்த்துக் கொட்டிக் கிளறுகிறார்கள். ஒரு வகையில் உண்மைதான் என்றாலும், பரீட்சகர் அதை ரசிக்கமாட்டார்.

கையால் தேடுகிற சொற்கள் இன்னும் சில உண்டு. ‘ஃபம்பிள்’ என்றால் அவசரத்திலோ பதற்றத்திலோ விரல் சொல்வழி கேளாமல் தடுமாறுவது, படலையடியில் மழைக்குள் நின்று திறப்பை எடுக்கிற மாதிரி. ‘ஃபிஷ் அவுட்’ பைக்குள் கைவிட்டு ஒன்றை இழுத்து எடுப்பது. ‘றைஃபிள் த்ரூ’வில் ஒரு களவு வாடை உண்டு, மற்றவருடைய லாச்சியை அவர் இல்லாதபோது விரைவாகப் புரட்டுவது. ‘றான்சாக்’ அதற்கும் மேலே போய் வீட்டைத் தலைகீழாக்கிவிடும். அது பழைய நோர்ஸ் என்ற ஸ்கண்டினேவிய மொழியிலிருந்து வந்தது. முன்பாதி வீடு, பின்பாதி ‘சீக்’கின் உறவு, அதாவது களவுபோன பொருளுக்காக வீட்டைச் சோதிப்பது. இன்றைக்குச் சோதிக்க வந்தவரை விடக் கள்ளருக்குத்தான் அது அதிகம் பொருந்துகிறது. இதற்கு இடம் மட்டும்தான் நேரே வரும்.

‘குறோப்’ பற்றிக் கட்டாயம் ஒரு எச்சரிக்கை. கரண்ட் போனபோது ரோச் லைற்றைத் தடவித் தேடினால் ‘ஐ குறோப்ட் ஃபோர் த ரோர்ச்’. இதில் ‘ஃபோர்’ விடுபடவே கூடாது. ‘ஃபோர்’ இல்லாமல் ஒரு மனிதரை நேரே பின்னால் போட்டால், பஸ்ஸில் பெண்களிடம் கைவைக்கிறவர்களின் குற்றத்துக்கு ஆங்கிலத்தில் சொல்கிற சொல்லாக அது மாறிவிடும். பட்டியல்கள் இதை எங்கும் எழுதுவதில்லை.

கண்ணும் காலும் சேர்ந்து பெரிய பரப்பைத் தேடும்போது வருவது ‘ஸ்கவர்’, ‘கோம்ப்’ இரண்டும். பொலிஸார் பற்றைக்காடு முழுக்கத் தேடினார்கள் என்று செய்தியில் வருமே, அதற்கு இவைதான். இரண்டுக்கும் ‘சேர்ச்’ போலவே இடம் முதலில், பிறகு ‘ஃபோர்’. ‘கோம்ப்’ சீப்பால் வாருவது. மிக நுணுக்கமாகப் பார்ப்பதற்கு ‘ஃபைன் ரூத் கோம்ப்’ என்று பேன்சீப்பையே கொண்டுவருவார்கள். ‘ஸ்கவர்’ என்ற அதே எழுத்துக்கூட்டில் கரிச்சட்டி தேய்ப்பதற்கும் ஒரு சொல் உண்டு, அது வேறு.

‘ட்ரோல்’ என்ற சொல்லைக் கரையோரத்து ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இழுவைமடிதான். கடலடியை வழித்து, சின்னது பெரியது என்று பாராமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிற அந்த மடியை எங்கள் கடற்றொழிலாளர் எவ்வளவோ காலமாக எதிர்த்து, இலங்கை 2017இல் சட்டத்தைத் திருத்தி அதைத் தடைசெய்தது. ஆங்கிலத்தில் ‘ட்ரோல் த்ரூ’ என்றால் ஆயிரக்கணக்கான பழைய பதிவேடுகளை, மின்னஞ்சல்களை ஒன்றும் விடாமல் வாரி எடுத்துப் பார்ப்பது. வேண்டாதது கனக்க வரும், வேண்டியது ஒன்றிரண்டு அகப்படும் என்ற அலுப்பும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இணையத்தில் வம்புக்கு இழுக்கிற ‘ட்ரோல்’ வேறு எழுத்துக்கூட்டு, தமிழில் எழுதும்போது மட்டும் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

‘ப்ரவுஸ்’ இதற்கு எதிர்ப்பக்கம். ஆடு குழை கடிக்கிற வேலைக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். மாடு குனிந்து புல் மேய்ந்தால் ‘கிறேஸ்’, ஆடு வேலியோரம் எட்டி எட்டிக் கிளுவையில் ஒரு வாய், பூவரசில் ஒரு வாய் கடித்தால் ‘ப்ரவுஸ்’. குறிப்பாக ஒன்றும் தேடாமல் கடையிலோ இணையத்திலோ அங்கொன்று இங்கொன்றாகப் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. கடையில் என்ன வேண்டும் என்று கேட்டால் ‘ஜஸ்ற் ப்ரவுஸிங்’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக நிற்கலாம்.

இணையம் என்றதும் ‘கூகிள்’. அது வினைச்சொல்லாகி, 2006இல் ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியும் மெரியம் வெப்ஸ்ரர் அகராதியும் அதைச் சேர்த்துக்கொண்டன. இதற்குப் பொருள் நேரே வரும், ‘ஃபோர்’ வேண்டாம்: ‘கூகிள் இற்’. ஆனால் ‘சேர்ச்’சோடு சொன்னால் பழைய விதி திரும்ப வந்துவிடும்: ‘சேர்ச் கூகிள் ஃபோர் இற்’. கூகிள் இங்கே லாச்சி. பரீட்சைக் கட்டுரையில் ‘கூகிள்’ வினையைத் தவிர்ப்பதே நல்லது, ‘சேர்ச் ஒன்லைன்’ போதும்.

‘லுக்’ குடும்பத்துக்குள்ளும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஓ.எல். காலத்திலிருந்தே அதில்தான் குழப்பம். ‘லுக் அப்’ அகராதியிலோ பட்டியலிலோ எடுத்துப் பார்ப்பது, ‘லுக் இற் அப்’ என்று பொருள் நடுவில் போய் உட்காரும். ‘லுக் இன்டூ’ ஆராய்வது, விசாரிப்பது. கந்தோரில் முறைப்பாடு கொடுத்தால் ‘வி வில் லுக் இன்டூ இற்’ என்பார்கள், அதில் எவ்வளவு நம்பிக்கை வைப்பது என்பது உங்கள் விருப்பம். ‘லுக் அவுட் ஃபோர்’ வருமா வருமா என்று கவனமாக இருப்பது. ‘லுக் ஆஃப்ரர்’ பராமரிப்பது, இதற்கும் தேடுவதற்கும் சம்பந்தமே இல்லை. ‘லுக்கிங் ஃபோர் ட்ரபிள்’ என்றால் வீண் சண்டைக்கு நிற்பது. அந்த இடத்தில் ‘சேர்ச்சிங்’கோ ‘சீக்கிங்’கோ போட்டால் சண்டைக்கு நிற்கிறவன் ஆராய்ச்சிக்காரனாகிவிடுவான்.

வாசிப்புப் பகுதிக்கு நீங்கள் படிக்கிற ‘ஸ்கிம்’, ‘ஸ்கான்’ இரண்டிலும் தேடுவது ‘ஸ்கான்’ மட்டும்தான். ஒரு பெயரை, ஓர் ஆண்டைக் குறிவைத்துக் கண்ணை ஓட்டுவது அது. ‘ஸ்கிம்’ பால் ஆடை எடுக்கிற மாதிரி மேலோட்டமாகச் சாரத்தை எடுப்பது. ‘ஃபெரற் அவுட்’ பற்றி ஒரு வரி: ஃபெரற் என்பது முயல் வளைக்குள் விட்டு முயலை வெளியே துரத்தப் பழக்குகிற, மெலிந்த நீண்ட உடம்புள்ள ஒரு சின்னப் பிராணி. ஒளித்து வைத்த உண்மையைத் துருவி வெளியே கொண்டுவருவதற்கு அந்தச் சொல். செய்தியாளருக்குப் பொருந்தும், வேலை தேடுகிறவருக்குப் பொருந்தாது.

‘ஹன்ற்’ உங்கள் ஐந்தாவது வாக்கியத்தில் வந்தது. இதுவும் ‘ஃபோர்’ விஷயம்தான். ‘ஹன்ற்’ நேரே பொருளைப் பிடித்தால் வேட்டை, துரத்திப் பிடிப்பது அல்லது கொல்வது. ‘ஹன்ற் ஃபோர்’ என்றால்தான் விடாமுயற்சியாகத் தேடுவது. அரசாங்கம் தீர்வை வேட்டையாட வேண்டும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், எங்கள் அரசாங்கங்கள் சிலவேளை அதைச் செய்தும் இருக்கின்றன. ஆனால் ‘ஜொப் ஹன்ரிங்’, ‘ஹவுஸ் ஹன்ரிங்’ என்று பெயர்ச்சொல்லாக வரும்போது இதே சொல் மிக இயல்பாக இருக்கும், ‘ஃபோர்’ தொல்லையும் இல்லை.

‘ட்ரேஸ்’ மட்டும் தனியாக வைத்துப் பேச வேண்டிய சொல். விட்டுப்போன தடத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஆள் எங்கே போனார், என்ன ஆனார் என்று பின்னால் போவது அது. போரில் பிரிந்தவர்களைக் குடும்பத்தோடு சேர்க்க செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு செய்கிற வேலைக்கும் ‘ட்ரேசிங்’ என்றுதான் பெயர். காணாமல்போனோர் பற்றிய அலுவலகத்தை நிறுவிய 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் ஆங்கிலப் பிரதி, அந்த அலுவலகத்தின் கடமைகளில் ‘சேர்ச் ஃபோர் அன்ட் ட்ரேஸ்’ என்று இரண்டு வினையையும் அடுத்தடுத்து வைக்கிறது. தேடுவது ஒன்று, தடத்தைப் பிடித்து என்ன நடந்தது என்று கண்டறிவது இன்னொன்று. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017இலிருந்து படங்களை வைத்துக்கொண்டு பந்தலில் இருந்த தாய்மார் தேடியது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கேட்டது இரண்டாவது வினையை. இந்தச் சொல்லை அழகுக்காகக் கட்டுரையில் போடவேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். ஆளோ பணமோ பொருளோ தடம் விட்டுப் போயிருந்தால் மட்டும் ‘ட்ரேஸ்’.

பட்டியல் பார்த்து எழுதலாமா என்பதற்கு என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். பீற்றர் மார்க் றொஜே 1852இல் வெளியிட்ட ‘திசோறஸ்’தான் ஆங்கிலத்தில் இந்த வகைக்குப் பெயர்போனது. அது அகரவரிசையில் போகாமல் கருத்து வாரியாகச் சொற்களை அடுக்கியது. எங்களிடம் நிகண்டுகள் அதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தன, திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். இரண்டிலும் ஒரே சிக்கல். ஏற்கெனவே பழகிய சொல் நாக்கு நுனியில் நிற்கும்போது எடுத்துத் தர அவை உதவும். முன்பின் தெரியாத சொல்லை அதிலிருந்து எடுத்து வாக்கியத்தில் வைத்தால் இப்படிச் சிவப்புக் கோடுதான் வரும். தெரியாத சொல் என்றால் உதாரண வாக்கியம் தருகிற மாணவர் அகராதியில் எடுத்து, அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்த்த பிறகே தொடுங்கள்.

ஐயெல்ஸ் எழுத்தில் புள்ளி போடுவது நான்கு பிரிவில், சொல்வளத்துக்கு அதில் காற்பங்கு. ஏழாம் நிலைக்கு அவர்கள் கேட்பது குறைவாகப் புழங்கும் சொற்களை, நடையும் சேர்க்கையும் ஓரளவு அறிந்து கையாளுவது. சேர்க்கை என்பதுதான் இவ்வளவு நேரமும் நான் சொல்லிக்கொண்டிருப்பது. அரிய சொல்லைப் பிழையான கூட்டத்தில் நிறுத்துவதைவிட, ‘லுக் ஃபோர்’ இரண்டு தரம் வருவது எவ்வளவோ மேல். 250 சொல்லில் ஐந்து தரம் கூடத்தான், அதைக் குறைக்க வேறு வினை தேடுவதற்கு முன், அந்த வினை அங்கே வேண்டுமா என்று பாருங்கள்.

உங்கள் ஐந்து வாக்கியத்தையும் நான் இப்படி வைப்பேன். முதலாவது, ‘கிறஜுவேற்ஸ் சீக் எம்ப்ளோய்மென்ற்’, அப்படியே இருக்கட்டும். இரண்டாவது, ‘தே சேர்ச் த கஸற் எவ்ரி ஃப்றைடே’. வர்த்தமானி வெள்ளிக்கிழமைதானே வருகிறது, எதைத் தேடுகிறார்கள் என்று சொல்லாமலே விளங்கும், ‘ஜொப்ஸ்’ஸை எடுத்துவிடலாம். மூன்றாவது, ‘சம் ஹாவ் பீன் லுக்கிங் ஃபோர் இயர்ஸ்’. காலம் திருந்த வேண்டும், அதோடு இங்கே வருகிற ‘ஃபோர்’ வருடங்களுக்குரியது, தேடுகிற பொருளைச் சொல்லவே தேவையில்லை. நாலாவது, ‘பேரன்ற்ஸ் லுக் எப்றோட்’, மூன்று சொல். ஐந்தாவதில் அரசாங்கம் தேடிக்கொண்டேயிருப்பது உங்கள் எண்ணமில்லை, முடிவு வேண்டும். ஆகவே மூன்றாவது வாக்கியத்திலிருந்து நாங்கள் கழற்றிய ‘ஃபைண்ட்’டைக் கொண்டுபோய் அங்கே போடுங்கள்: ‘த கவண்மென்ற் மஸ்ற் ஃபைண்ட் எ சொலூஷன்’.